பேரப்பிள்ளைகள் என்னிடமே இருக்க என்ன செய்ய வேண்டும்?

கேள்வி: என் மகள் இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. பேரனுக்கு 13 வயது, பேத்திக்கு 8. இரண்டு பேரும் எங்கள் வீட்டில்தான் வளர்கிறார்கள். மருமகன் ஜோஹானஸ்பர்க்கில் வேறு கல்யாணம் செய்துகொண்டார். பணம் எதுவும் அனுப்புவதில்லை, போன் பண்ணினால் மட்டும் “பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போய்விடுவேன்” என்கிறார். கோயிலில் தாலி கட்டியதோடு சரி, ஹோம் அஃபேர்ஸில் (அரசின் உள்துறை அலுவலகத்தில்) பதியவில்லை. அதனால் அவருக்கு உரிமையே கிடையாது என்கிறார்கள் சொந்தக்காரர்கள். பள்ளிக்கூடத்தில் கோர்ட் பேப்பர் கேட்கிறார்கள். நான் கார்டியன்ஷிப் (சட்டப்படியான பாதுகாவலர் உரிமை) கேட்க வேண்டுமா? ஃபாஸ்டர் பணம் (வளர்ப்புப் பிள்ளைகளுக்கான அரசு உதவி) கிடைக்குமா? பிள்ளைகளைப் பழனிக்குக் கூட்டிப் போகவும் ஆசை.
– ஓர் ஆயா, சாட்ஸ்வொர்த்

பதில்: அம்மா, மகளைப் பறிகொடுத்த துக்கத்தோடு இரண்டு பிள்ளைகளையும் தாங்கி நிற்கிறீர்கள். சமூக சேவகியாக நான் வேலை பார்த்த காலத்தில் உங்களைப் போன்ற ஆயாக்கள் பலரோடு டர்பன் கோர்ட்டுகளில் உட்கார்ந்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில் அந்தத் தாலிப் பேச்சை நம்பாதீர்கள். பதியாத கல்யாணம் வேறு விஷயங்களில் சிக்கல் தரலாம். ஆனால் தென்னாப்பிரிக்காவின் 2005-ஆம் வருஷத்துச் சிறுவர் சட்டம், மதமுறைப்படி சடங்கோடு நடந்த கல்யாணத்தையும் கல்யாணமாகவே எடுத்துக்கொள்கிறது. ஆகவே உங்கள் மருமகனுக்குத் தகப்பன் உரிமை முழுசாக இருக்கிறது. நீங்கள் கோர்ட் உத்தரவு வாங்காத வரை, “என் பிள்ளைகளை அனுப்புங்கள்” என்று அவர் வாசலில் வந்து நின்றால் சட்டம் அவர் பக்கம்தான் பேசும். அதனால்தான் நாள் கடத்தாதீர்கள் என்கிறேன்.

ஆனால் கார்டியன்ஷிப் கேட்காதீர்கள். பிள்ளைகளுக்கு ஏற்கெனவே ஒரு கார்டியன், அதாவது தகப்பன், இருக்கும்போது வேறொருவர் அதைக் கேட்டால், இருக்கிறவர் ஏன் தகுதியில்லாதவர் என்று கோர்ட்டில் காரணம் காட்ட வேண்டும். சட்டத்தின் 24-ஆம் பிரிவு அப்படி. நீங்கள் மருமகனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதுபோல் ஆகிவிடும், அதைப் பேரன் காதால் கேட்பான். உங்களுக்கு வேண்டியது 23-ஆம் பிரிவு: பிள்ளையின் நலனில் அக்கறை உள்ள எவரும் பராமரிப்பும் தொடர்பும் கேட்கலாம். பிள்ளைகள் உங்கள் வீட்டில் இருப்பார்கள், தகப்பன் தகப்பனாகவே இருப்பார். எனக்குத் தெரிந்த நிறையக் குடும்பங்கள் இந்த இடத்தில் தடுமாறி, பெரிய பேப்பருக்கு ஆசைப்பட்டு, வருஷக்கணக்கில் சண்டை போட்டன.

சாட்ஸ்வொர்த் மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்கே போங்கள். ஒவ்வொரு மாஜிஸ்திரேட் கோர்ட்டும் சில்ட்ரன்ஸ் கோர்ட்தான் (சிறுவர் நீதிமன்றம்தான்). அங்குள்ள கிளார்க்கிடம் 23-ஆம் பிரிவில் மனு கொடுக்க வேண்டும் என்று சொல்லுங்கள். வக்கீல் இல்லாமலும் போகலாம். வேண்டுமென்றால் லீகல் எய்டில் (அரசின் சட்ட உதவி அமைப்பில்) கேளுங்கள், உங்கள் வருமானத்தைப் பார்த்து முடிவு செய்வார்கள். ஃபேமிலி அட்வகேட் (பிள்ளைகளின் நலனை ஆராய்ந்து கோர்ட்டுக்குச் சொல்லும் அரசு வக்கீல்) அல்லது சமூக சேவகரிடம் கோர்ட் அறிக்கை கேட்கலாம். அவர்கள் வீட்டுக்கு வந்தால் பதறாதீர்கள். பலகாரமும் வேண்டாம், புதுத் திரைச்சீலையும் வேண்டாம். பேத்தி எங்கே தூங்குகிறாள், பேரன் எங்கே உட்கார்ந்து படிக்கிறான் என்றுதான் பார்ப்பார்கள்.

மாஜிஸ்திரேட் எதைப் பார்ப்பார் என்பதைச் சட்டமே சொல்கிறது: பிள்ளைக்கு எது நல்லது, உங்களுக்கும் பிள்ளைக்கும் உள்ள உறவு, நீங்கள் காட்டிய அக்கறை, செய்த செலவு. ஆகவே ஒரு பெட்டி எடுத்து வையுங்கள். கிளினிக் அட்டைகள், பள்ளி ரிப்போர்ட்டில் நீங்கள் போட்ட கையெழுத்து, யூனிஃபார்ம், ஷூ வாங்கின சிலிப், மருந்துச் சிலிப் எல்லாம் அதற்குள் போகட்டும். ஒரு பெரியம்மா பேத்தியின் ஆஸ்துமா பம்ப் வாங்கின ரசீதுகளை மாதவாரியாக ரப்பர் பேண்ட் போட்டுக் கொண்டுவந்தார். மாஜிஸ்திரேட் அதை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். வேறு கேள்வி அதிகம் கேட்கவில்லை. மகளின் மரணச் சான்றிதழும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழும் மேலேயே இருக்கட்டும்.

மனுவில் தகப்பன் எப்போது பிள்ளைகளைப் பார்க்கலாம் என்பதையும் நீங்களே எழுதுங்கள். டிசம்பர் விடுமுறையில் இரண்டு வாரம், ஞாயிறு மாலை ஒரு போன் என்று. “அவர் முகத்திலேயே விழிக்கக் கூடாது” என்று எழுதினால் கேஸ் பலவீனப்படும், பிள்ளைகளுக்கும் நல்லதல்ல. பேரனுக்கு 13 வயது. தன் விருப்பத்தைச் சொல்ல 10-ஆம் பிரிவு அவனுக்கு உரிமை தருகிறது. என்ன சொல்ல வேண்டும் என்று அவனுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்காதீர்கள், உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

பள்ளிக்கூட விஷயம் சுலபம். 1996-ஆம் வருஷப் பள்ளிச் சட்டத்தில், பிள்ளையின் படிப்புக்குப் பெற்றோர் கடமையை ஏற்றுக்கொள்கிறவரும் ‘பெற்றோர்’தான். இதைப் பிரின்சிபாலிடம் மரியாதையாகச் சொல்லி, எழுத்தில் கொடுங்கள்.

ஃபாஸ்டர் பணத்துக்காக அவசரப்படாதீர்கள். பிள்ளைக்குப் பாதுகாப்பு தேவை என்று கோர்ட் தீர்மானிக்க வேண்டும், உத்தரவும் சாதாரணமாக 2 வருஷத்துக்குத்தான். இந்த உத்தரவுகள் ஏராளமாகக் காலாவதியாகி, 2011-இல் பிரிட்டோரியா உயர் நீதிமன்றமே தலையிட வேண்டியிருந்தது. இப்போதைக்கு சாசாவில் (அரசின் சமூக உதவித்தொகை அலுவலகத்தில்) சைல்டு சப்போர்ட் கிராண்ட், அதாவது பிள்ளை வளர்ப்பு உதவித்தொகை, கேளுங்கள். வளர்க்கிற ஆயாவே வாங்கலாம், கோர்ட் உத்தரவு தேவையில்லை, வருமான வரம்பு மட்டும் உண்டு. 2025 ஏப்ரலில் அது ஒரு பிள்ளைக்கு மாதம் 560 ரேண்ட்; ஃபாஸ்டர் கிராண்ட் 1250. கூடவே மெயின்டனன்ஸ் (ஜீவனாம்ச) கோர்ட்டில் மருமகன் மேல் மனு போடுங்கள். பிள்ளைகள் உங்களிடம் இருப்பதால் அவர் கடமை தீராது, சம்பளத்திலிருந்தே பிடிக்க உத்தரவிட முடியும். அது வன்மம் அல்ல அம்மா, பிள்ளைகளின் சோறு.

பழனிக்குப் போக பாஸ்போர்ட்டுக்கும் நாட்டைவிட்டு வெளியே போவதற்கும் கார்டியனின் சம்மதம் வேண்டும், அதாவது மருமகனின் கையெழுத்து. உங்களுக்குப் பராமரிப்பு உத்தரவு கிடைத்தாலும் இது மாறாது. டிசம்பரில் பிள்ளைகளை அனுப்பும்போதே சம்மத ஃபாரத்தையும் கொடுத்தனுப்புங்கள்.