துணைவர் விசாவுக்கு ஐ-864: வருமானத்தை எப்படிக் காட்டுவது? கேள்வி பதில்

அமெரிக்க சிட்டிசனோ கிரீன் கார்டு வைத்திருப்பவரோ கணவனை அல்லது மனைவியை அழைத்துக்கொள்ளும்போது கொடுக்க வேண்டிய நிதிப் பொறுப்புப் படிவம் ஐ-864. கீழே வரும் வருமான வரம்புகள் 2025 வறுமைக்கோட்டு அட்டவணைப்படி. இந்த அட்டவணை ஆண்டுதோறும் மாறும். ஆகவே கையெழுத்துப் போடும் நாளில் நடப்பில் இருக்கும் ஐ-864பி பட்டியலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் சிட்டிசன், மனைவி ஊரில் இருக்கிறார். எவ்வளவு வருமானம் காட்டினால் போதும் சார்?

நீங்களும் மனைவியும் மட்டும் என்றால் ஆண்டுக்கு 26,437 டாலர். மூன்று பேர் என்றால் 33,312, நான்கு பேர் என்றால் 40,187. இது வறுமைக்கோட்டுத் தொகையில் 125 சதவீதம். அமெரிக்க ராணுவத்தில் முழுநேரப் பணியில் இருப்பவருக்கு 100 சதவீதம், அதாவது இருவருக்கு 21,150 போதும். அலாஸ்காவுக்கும் ஹவாய்க்கும் வரம்பு இன்னும் கூடுதல்.

பலர் சறுக்குவது ஆள் கணக்கில்தான். மனைவியை ‘ஸ்பான்சர் செய்யப்படுபவர்’ கட்டத்திலும் எழுதி, ‘துணைவர்’ கட்டத்திலும் எழுதி, இரண்டு பேரை மூன்று பேராக்கிவிடுகிறார்கள். ஒருவரை ஒருமுறைதான் எண்ண வேண்டும். இன்னொரு பக்கம், எண்ண வேண்டியவர்கள் விட்டுப்போகிறார்கள்: முந்தைய திருமணத்தில் பிறந்த 21 வயதுக்குட்பட்ட, மணமாகாத பிள்ளை (உங்களோடு வசிக்காவிட்டாலும்), வரி ரிட்டர்னில் டிபெண்டன்டாகக் காட்டிய அம்மா, முன்பே ஐ-864 கொடுத்து அழைத்து இன்னும் பொறுப்பு முடியாதவர்.

கேள்வி: போன வருஷம் வரை படிப்பு. ரிட்டர்னில் 9,000 டாலர்தான். இப்போது 70,000 சம்பளத்தில் வேலை. ரிஜெக்ட் ஆகிவிடுமா அண்ணா?

ஆகாது. ‘தற்போதைய ஆண்டு வருமானம்’ கட்டத்தில் 70,000 என்றே எழுதுங்கள். போன வருஷத் தொகையை அங்கே எழுதுவதுதான் தவறு, அதற்குத் தனிக் கட்டம் இருக்கிறது. ஆனால் ரிட்டர்ன் துணைக்கு வராதபோது வேறு தாள்கள் பேச வேண்டும். வேலை தொடங்கிய தேதி, பதவி, ஆண்டுச் சம்பளம், நிரந்தர வேலையா என்பதெல்லாம் இருக்கும் கம்பெனிக் கடிதமும், சேர்ந்ததிலிருந்து வந்த எல்லா பே ஸ்டப்பும் (சம்பளச் சீட்டு) வையுங்கள். ஆஃபர் லெட்டர் மட்டும் போதாது. வேலையில் சேர்ந்து சம்பளம் வாங்குகிறீர்கள் என்பதை அது காட்டாது.

வரிக்கு ஐஆர்எஸ் (அமெரிக்க வரித்துறை) டிரான்ஸ்கிரிப்ட், அதாவது ரிட்டர்னின் சுருக்க நகல், இலவசமாகவே கிடைக்கிறது. அதைக் கொடுத்தால் டபிள்யூ-2 (கம்பெனி தரும் ஆண்டுச் சம்பளச் சான்று), ஷெட்யூல் (ரிட்டர்னின் இணைப்புத் தாள்) என்று தாள் சேர்க்கும் வேலை பெரும்பாலும் மிச்சம். கட்டாயம் கடைசி ஓர் ஆண்டுதான். முந்தைய இரண்டு ஆண்டுகள் உங்களுக்குச் சாதகமாக இருந்தால் சேர்க்கலாம்.

கேள்வி: டாக்ஸி ஓட்டுகிறேன். வருஷம் 60,000 வருகிறது. ஆனால் கோ-ஸ்பான்சர் (வருமானம் போதாதபோது கூடவே பொறுப்பேற்பவர்) கேட்கிறார்களே?

60,000 கைக்கு வந்தது. பெட்ரோல், தேய்மானம், இன்சூரன்ஸ் எல்லாம் ஷெட்யூல் சி-யில் (ரிட்டர்னில் சொந்தத் தொழில் கணக்குத் தாள்) கழித்தபின் 18,000 நின்றால், அதிகாரி பார்ப்பது அந்த 18,000-ஐத்தான். 1040 என்ற வரி ரிட்டர்ன் படிவத்தில் 9-வது வரிசையில் வரும் மொத்த வருமானம்தான் கணக்கு. வரிக்காகக் குறைத்துக் காட்டிய தொகையை விசாவுக்காகக் கூட்டிக் காட்ட முடியாது. சொந்தத் தொழில் செய்பவர்கள் ஐ-864இஇசட் என்ற சுருக்கப் படிவத்தையும் தொடக் கூடாது. அது டபிள்யூ-2 சம்பளத்தை மட்டும் காட்டுபவர்களுக்கு.

கேள்வி: எனக்கு 20,000தான் வருகிறது. மனைவி பெயரில் மதுரையில் வீடு இருக்கிறது. அதைக் காட்டலாமா?

காட்டலாம். வரப்போகிறவரின் சொத்தும் கணக்கில் சேரும். குறைவது 6,437 டாலர். சிட்டிசன் துணைவரை அழைத்தால் குறைவைப் போல் மூன்று மடங்கு சொத்து வேண்டும்: 19,311. கிரீன் கார்டு வைத்திருப்பவர் என்றால் ஐந்து மடங்கு: 32,185. கடன் போக மிஞ்சும் மதிப்பைத்தான் எடுத்துக்கொள்வார்கள்.

சொத்தை ஒரு வருஷத்துக்குள் பணமாக்க முடிய வேண்டும், அந்தப் பணம் அமெரிக்காவுக்கு வரவும் முடிய வேண்டும். அதனால் பத்திரம், பட்டா, சமீபத்திய வில்லங்கச் சான்றிதழ், பதிவு பெற்ற மதிப்பீட்டாளரின் அறிக்கை நான்கும் வையுங்கள். தமிழில் உள்ளவற்றுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பும் சான்றுரையும் வேண்டும். இந்தியாவில் வசிப்பவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை வெளியே அனுப்ப ரிசர்வ் வங்கி விதி இடம் தருகிறது. ஒரு விளக்கக் கடிதத்தில் அதையும் எழுதிவிடுங்கள். அண்ணன் தம்பியோடு கூட்டாக இருக்கும் பாகம் பிரிக்காத வீட்டை நம்ப வேண்டாம். விற்க முடியும் என்று யாரையும் ஒப்புக்கொள்ள வைப்பது கடினம்.

வங்கிப் பணம் என்றால் 12 மாத ஸ்டேட்மென்ட். நேர்காணலுக்கு முந்தின வாரம் அப்பா போட்ட 20 லட்சம் அதில் பளிச்சென்று தெரியும். எங்கிருந்து வந்தது என்ற காகிதம் இல்லாமல் அது உதவாது.

கேள்வி: என் மாமா ஹெச்-1பி-யில் (தற்காலிக வேலை விசா) நல்ல சம்பளம் வாங்குகிறார். அவர் கோ-ஸ்பான்சர் ஆகலாமா?

முடியாது. சிட்டிசனாகவோ கிரீன் கார்டு வைத்திருப்பவராகவோ இருக்க வேண்டும், அதோடு 18 வயது நிரம்பி அமெரிக்காவில் வசிப்பவராகவும் இருக்க வேண்டும். உறவாக இருக்க வேண்டியதில்லை, நண்பர் போதும். அவர் தன் குடும்பத்தோடு உங்கள் மனைவியையும் சேர்த்து எண்ணி, தன் வருமானத்திலேயே 125 சதவீதத்தைத் தாண்ட வேண்டும். உங்கள் 20,000-ஐயும் அவருடைய 20,000-ஐயும் கூட்ட முடியாது. அவர் வந்தாலும் நீங்களும் தனியாக ஐ-864 கொடுத்தே ஆக வேண்டும். வருமானம் பூஜ்யமாக இருந்தாலும் சரி.

உங்களோடு ஒரே வீட்டில் இருக்கும் அப்பாவின் சம்பளத்தைக் கூட்ட வேண்டுமானால் அதற்கு ஐ-864ஏ என்ற தனிப் படிவம்.

கேள்வி: நண்பருக்காகக் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். பின்னால் எனக்குத் தொல்லை வருமா?

இது சிபாரிசுக் கடிதம் அல்ல, அரசோடு செய்யும் ஒப்பந்தம். வந்தவர் சிட்டிசன் ஆகும்வரை, அல்லது 40 காலாண்டு (சுமார் பத்து ஆண்டு) வேலைக் கணக்கு சேரும்வரை, அல்லது கிரீன் கார்டை விட்டு நாட்டைவிட்டுப் போகும்வரை, அல்லது இறக்கும்வரை பொறுப்பு நீங்காது. அவர்கள் விவாகரத்து செய்துகொண்டாலும் உங்கள் பொறுப்பு அப்படியே நிற்கும். வந்தவர் சில அரசு உதவிகளைப் பெற்றால் அந்தத் துறை உங்களிடம் பணம் கேட்கலாம், அவரே வழக்குப் போடலாம். நீங்கள் வீடு மாறினால் 30 நாளுக்குள் ஐ-865 என்ற முகவரி மாற்றப் படிவம் அனுப்ப வேண்டும். இதையெல்லாம் சொல்லாமல் நண்பரிடம் கையெழுத்து வாங்குவது நியாயமில்லை.

கேள்வி: சிட்டிசன்தான், ஆனால் ஆறு வருஷமாகக் கணவரோடு கோவையில் இருக்கிறேன் மேடம். இங்கே நல்ல சம்பளம்.

இரண்டு சிக்கல். அமெரிக்கா போனபின் அதே வேலை தொடராது என்றால் இந்திய சம்பளம் கணக்கில் வராது. அதைவிடப் பெரியது வசிப்பிடம்: கணவர் நுழையும் நாளுக்குள் நீங்களும் அங்கே குடியேறுகிறீர்கள் என்று காட்ட வேண்டும். வேலை தேடிய மின்னஞ்சல்கள், வாடகை ஒப்பந்தம், நடப்பில் உள்ள வங்கிக் கணக்கு, ஓட்டுநர் உரிமம், பிள்ளையின் பள்ளிச் சேர்க்கை எல்லாம் உதவும். கோ-ஸ்பான்சர் எவ்வளவு சம்பாதித்தாலும் இந்தக் குறையை அவரால் ஈடுகட்ட முடியாது.

வெளிநாட்டில் இருந்தாலும் சிட்டிசன் அமெரிக்க ரிட்டர்ன் போட வேண்டும். விட்டிருந்தால் முதலில் அதைப் போடுங்கள். ரிட்டர்ன் போட வேண்டிய வரம்புக்குக் கீழே வருமானம் இருந்ததால் போடவில்லை என்றால், கையெழுத்திட்ட விளக்கக் கடிதம் வையுங்கள்.

கேள்வி: நோட்டரி வேண்டுமா?

வேண்டாம். கையெழுத்தும் தேதியும் இருந்தால் போதும். எல்லாப் பக்கங்களையும், காலியானவற்றையும் சேர்த்து, இணையத்தில் ஏற்றுங்கள். தாள்களைச் சரிபார்க்கும் என்விசி-க்கு (அமெரிக்க தேசிய விசா மையம்) கட்டணம் 120 டாலர்.

கேள்வி: நேர்காணலில் 221(ஜி), அதாவது தாள் குறைவதால் விசாவை நிறுத்திவைக்கும் சீட்டு, கொடுத்து, கோ-ஸ்பான்சர் கொண்டுவரச் சொன்னார்கள். எல்லாம் போச்சா?

இல்லை. கேட்டதை மட்டும் முழுதாகக் கொடுங்கள்: கோ-ஸ்பான்சரின் ஐ-864, டிரான்ஸ்கிரிப்ட், பாஸ்போர்ட் அல்லது கிரீன் கார்டு நகல், வேலைக் கடிதம். அவர் மனைவியோடு சேர்ந்து ரிட்டர்ன் போட்டிருந்தால் டபிள்யூ-2 கட்டாயம், யார் சம்பளம் எவ்வளவு என்று பிரித்துக் காட்ட. ஒரு வருஷத்துக்குள் கொடுக்காவிட்டால் மறுபடி விண்ணப்பித்துக் கட்டணமும் கட்ட வேண்டியிருக்கும்.