செவ்வாய்ப் புயல், தங்க உருண்டை, ராட்சசி மாமியார்: கேள்வி பதில்

சமீபத்தில் படித்த அறிவியல் புனைகதைகள், தேவதைக் கதை நாவல்கள் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். படித்தவை: நவோமி நோவிக்கின் 'ஸ்பின்னிங் சில்வர்', ஆண்டி வியரின் 'தி மார்ஷியன்' (இது மறுவாசிப்பு), ஸ்ட்ருகாட்ஸ்கி சகோதரர்களின் 'ரோட்சைட் பிக்னிக்', கிம் ஸ்டான்லி ராபின்சனின் 'தி மினிஸ்ட்ரி ஃபார் தி ஃபியூச்சர்', கேத்தரின் வாலெண்டேயின் 'டெத்லெஸ்', லியு சிஷினின் 'த்ரீ பாடி ப்ராப்ளம்'. கேள்விகள் வந்த வரிசையில் பதில்கள்.

திண்டுக்கல் டீச்சர்: அக்கா, ஒன்றே ஒன்று படிக்கத்தான் நேரம் இருக்கிறது. எதை எடுக்கலாம்?

ஸ்பின்னிங் சில்வர், 2018. வைக்கோலைத் தங்கமாக நூற்ற பெண்ணின் கதை தெரியும்தானே? கிரிம் சகோதரர்கள் 1812-ல் அச்சிட்டது. 'என் மகள் வைக்கோலைத் தங்கமாக்குவாள்' என்று ராஜாவிடம் அப்பா பீற்றிக்கொள்வார், மாட்டிக்கொள்வது மகள். நோவிக் அதை ஒரு வட்டிக்கடைக்காரர் வீட்டுக்குள் கொண்டுபோய் வைக்கிறார். மிரியமின் அப்பா ஊருக்கெல்லாம் கடன் கொடுத்துவிட்டு, திருப்பிக் கேட்கக் கூச்சப்படுகிற மனிதர். வாங்கியவர்கள் வீட்டில் அடுப்பு எரிகிறது, கொடுத்தவர் வீட்டில் குளிர். அம்மா நோயில் படுத்ததும் பெண்ணே கூடையைத் தூக்கிக்கொண்டு வசூலுக்குக் கிளம்புகிறாள். பணம் இல்லையா, சரி, பொருளாகக் கொடு என்று வாசலிலேயே நிற்கிறாள். அவர்கள் யூதக் குடும்பம். கடன் பாக்கியோடு ஊராரின் வெறுப்பும் அந்த வாசல்களில் நிற்கிறது.

பிறகு அவளே ஒருநாள் வாய்விட்டுச் சொல்கிறாள், வெள்ளியைத் தங்கமாக்குவேன் என்று. பனி உலகத்து ராஜா காதில் அது விழுந்துவிடுகிறது. வெள்ளியைக் கொண்டுவந்து போட்டு, ஆக்கு பார்க்கலாம் என்கிறான். அவள் என்ன செய்கிறாள்? நகை செய்பவரிடம் கொடுத்து மோதிரம் அடிக்கச் சொல்லி, பிரபுவிடம் தங்கக் காசுக்கு விற்கிறாள். அடுத்த முறை கழுத்தணி, அதற்கடுத்து கிரீடம். அவள் பக்கத்தில் மந்திரமே இல்லை, வாங்கி விற்கிற சாமர்த்தியம்தான். அந்தப் பக்கங்களை இரண்டு தடவை படித்தேன்.

குறை உண்டு. போகப் போகக் கதை சொல்கிறவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள், எல்லாரும் 'நான்' என்றே பேசுகிறார்கள், யார் பேசுவது என்று தலைப்பும் கிடையாது. நடுவில் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

புத்தகப் புழு: மேலே சொன்னதன் பிடிஎஃப் லிங்க் கிடைக்குமா?

கிடைக்காது. நூலகத்தில் கேளுங்கள்.

ஏழு வயது மகளின் அம்மா: தேவதைக் கதை என்கிறீர்கள். மகளுக்கு ராத்திரி படித்துக் காட்ட உங்கள் பட்டியலில் எது பொருந்தும்?

எதுவும் பொருந்தாது. அட்டையில் காடும் இளவரசியும் இருந்தால் குழந்தைப் புத்தகம் என்று நினைத்து வாங்காதீர்கள். இதை நான் எல்லா இடத்திலும் சொல்லிக்கொண்டே இருப்பேன், இன்றும் இன்னொரு தடவை சொல்லப்போகிறேன்.

இந்தக் கதைகள் குழந்தைகளுக்கென்றே பிறந்தவையும் அல்ல. கிரிம் சகோதரர்களின் 1812 பதிப்பில் ஸ்னோ ஒயிட்டைக் கொல்லச் சொல்வது பெற்ற தாய். 1819-ல் வந்த இரண்டாம் பதிப்பில்தான் அவள் சித்தியானாள். அதே முதல் பதிப்பில் கோபுரத்தில் அடைபட்ட ரப்பன்ஸல், 'என் உடுப்பெல்லாம் இறுகிப்போகிறதே, ஏன்?' என்று தன்னை அடைத்துவைத்த தேவதையிடம் கேட்டு மாட்டிக்கொள்வாள். கர்ப்பம் என்பது படிக்கிறவர்களுக்குப் புரிந்துவிடும். பின்னால் அந்த வரியை எடுத்துவிட்டார்கள். அதற்கும் முன்னால், 1697-ல் பிரான்ஸில் பெரோ எழுதிய சிவப்புத் தொப்பிக் கதையில் காப்பாற்ற யாரும் வருவதில்லை. ஓநாய் தின்றது, கதை முடிந்தது.

தூங்கும் அழகி கண் விழித்ததோடு பெரோவின் கதை முடிவதில்லை என்பது பலருக்குத் தெரியாது. இளவரசனின் அம்மா ராட்சச குலம். மகன் போருக்குப் போன நேரம் பார்த்து, பேத்தியைச் சமைத்துக் கொண்டுவா என்று சமையல்காரனுக்குக் கட்டளையிடுகிறாள், குழம்பு எப்படி வைக்க வேண்டும் என்பது உட்பட. நம் டிவி சீரியல் மாமியார்கள் எல்லாம் இவளிடம் பாடம் படிக்க வேண்டும்.

ஈரோட்டு மெக்கானிக்கல்: மார்ஷியனை எல்லாரும் கொண்டாடுகிறார்கள். ஆரம்பத்தில் வரும் புயலே தப்பு. செவ்வாயில் காற்று எங்கே இருக்கிறது? அப்புறம் அது எப்படி அறிவியல் புனைகதை?

காற்று இருக்கிறது தம்பி, மெலிசாக. அழுத்தம் பூமியில் இருப்பதில் நூற்றில் ஒரு பங்கு கூடத் தேறாது. நாவலில் மணிக்கு 175 கிலோமீட்டர் வேகத்தில் புயல் அடிக்கிறது, ஆண்டெனாத் துண்டு பறந்து வந்து விண்வெளி வீரன் மார்க் வாட்னியைக் குத்துகிறது, விண்கலம் சாயப் பார்க்கிறது, அவன் செத்துவிட்டான் என்று நினைத்து மற்றவர்கள் கிளம்பிவிடுகிறார்கள். செவ்வாய்க் காற்றின் அடர்த்தியை நம் காற்றில் அறுபதில் ஒரு பங்கு என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். அந்தப் புயல் தள்ளுகிற விசை இங்கே 20, 25 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் காற்றுக்குச் சமம். மொட்டைமாடியில் காயும் வேட்டி படபடக்கும், அவ்வளவுதான். இது வியருக்கும் தெரியும், அவரே பேட்டிகளில் ஒத்துக்கொண்டிருக்கிறார்.

ஆனால் அதற்குப் பிறகு பாருங்கள். உருளைக்கிழங்கு பயிரிடத் தண்ணீர் வேண்டும். ராக்கெட் எரிபொருளான ஹைட்ரஸீனை இரிடியம் என்ற உலோகத்தின் மேல் விட்டு ஹைட்ரஜனைப் பிரித்து, அதை எரித்துத் தண்ணீராக்குகிறான். தான் விடும் மூச்சிலும் ஆக்சிஜன் மிச்சம் இருக்கிறது என்பதைக் கணக்கில் சேர்க்க மறந்துபோகிறான். வெடித்துத் தூக்கி எறியப்படுகிறான். கதை தொடங்க ஒரு பொய், அதற்கப்புறம் சலுகை கிடையாது. எனக்கு அது போதும்.

ராத்திரி வாசகி: அப்படியானால் மார்ஷியனும் தேவதைக் கதைதானே! ஆண்கள் எழுதிய பொய்க்கு 'அறிவியல்' என்று பெயர், பெண்கள் எழுதினால் 'குழந்தைக் கதை'. நல்ல நியாயம்.

பாதிக்கு மேல் ஒத்துக்கொள்கிறேன். இரண்டையும் நான் ஒரே தராசில்தான் நிறுக்கிறேன். தான் வைத்த விதியைக் கதை கடைசிவரை காப்பாற்றுகிறதா? அதிசயத்துக்கு யாராவது விலை கொடுக்கிறார்களா? இரண்டுக்கும் ஆம் என்றால் ராக்கெட்டா, மந்திரக்கோலா என்பது எனக்கு இரண்டாம்பட்சம்.

ஈரோட்டு மெக்கானிக்கல்: அக்கா, மந்திரத்துக்கு ஏது விதி? தேவதை வருவாள், கோலை ஆட்டுவாள், முடிந்தது.

தேவதைக் கதை படித்து நாளாகிவிட்டது போல. ஆண்டர்சன் 1837-ல் எழுதிய கடற்கன்னியை எடுத்துக்கொள்ளுங்கள். கால் வேண்டுமா, நாக்கைக் கொடு. நடந்தால் ஒவ்வொரு அடியும் கத்திமேல் வைப்பது மாதிரி வலிக்கும். இளவரசன் வேறொருத்தியைக் கட்டினால் மறுநாள் விடியும்போது உன் கதை முடிந்தது. அவளுக்காக ஒரு ஷரத்து கூடத் தளர்வதில்லை. வங்கிக் கடன் பத்திரத்தில்கூட இவ்வளவு கறார் இருக்காது.

இப்போது எதிர்ப்பக்கம். ரோட்சைட் பிக்னிக், சோவியத் நாவல், 1972-ல் பத்திரிகையில் வந்தது. தணிக்கையோடு பல வருடம் மல்லுக்கட்டி 1980-ல்தான் அங்கே புத்தகமானது. வேற்றுக்கிரகத்தார் யாரோ வந்தார்கள், போய்விட்டார்கள். அவர்கள் இறங்கிய இடங்களில் சில சாமான்கள் கிடக்கின்றன. பிக்னிக் வந்தவர்கள் விட்டுப்போன குப்பையைப் பார்த்து எறும்புகள் என்ன நினைக்கும், அதுதான் நம் நிலைமை என்கிறார் அதில் வரும் விஞ்ஞானி ஒருவர்.

ரெட்ரிக் என்பவன் அந்த மண்டலத்துக்குள் திருட்டுத்தனமாகப் போய்ப் பொருள் எடுத்து விற்கிறவன். அவன் கையில் இருக்கும் கருவி என்ன தெரியுமா? இரும்பு நட்டு. ஒன்றை முன்னால் வீசுவான். நேராகப் போய் விழுந்தால் ஓர் அடி வைப்பான். பாதி வழியில் வெடுக்கென்று தரையில் பதிந்தால் அங்கே ஈர்ப்பு விசைப் பொறி இருக்கிறது, கால் வைத்தால் நசுங்கிவிடுவான். அடுத்த நட்டை இன்னொரு பக்கம் வீசுவான். இப்படியே பக்கம் பக்கமாகப் போகிறது, ஒரு வரி கூட அலுக்கவில்லை. வீசுகிற அளவு, விழுகிற விதம், அதை அவன் பார்க்கிற பார்வை, இவ்வளவுதான் எழுதியிருக்கிறார்கள். வாசிக்கிற நமக்கு உள்ளங்கை வியர்க்கிறது.

அந்த மண்டலத்தின் ஆழத்தில் ஒரு தங்க உருண்டை. மனதில் இருக்கும் ஆசையை நிறைவேற்றும் என்பது பேச்சு. அதை அடைய வேண்டுமானால் வழியில் ஒரு மனித உயிரைப் பலி கொடுத்தாக வேண்டும். மெக்கானிக்கல் தம்பி, இது அறிவியல் புனைகதையா, தேவதைக் கதையா? நீங்களே சொல்லுங்கள்.

இந்த நாவலுக்கு ஒரு எச்சரிக்கை: பின்னட்டையைப் படிக்காதீர்கள். எந்த நாவலுக்குமே படிக்காதீர்கள். பாதிக் கதையை அங்கேயே போட்டு உடைத்துவிடுகிறார்கள்.

கோவை வாசகர்: எல்லாம் வெள்ளைக்காரக் கதை. எங்கள் சுஜாதா ஞாபகத்துக்கு வரவில்லையா?

வராமல் என்ன? இந்தச் சண்டைக்கு அவரே நல்ல சாட்சி. 'என் இனிய இயந்திரா'வில் சர்வாதிகார அரசு, கணினி, ஹோலோகிராம் எல்லாம் உண்டு. ஆனால் படித்தவர்கள் யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது ஜீனோவை. இயந்திர நாய், பேசும், புத்தகம் படிக்கும், கதாநாயகி நிலாவைவிட விவரமாக யோசிக்கும். ஆபத்தில் இருக்கும் பெண்ணுக்கு வழிகாட்டும் பேசும் பிராணி என்பது பாட்டி கதைகளில் காலங்காலமாக இருப்பதுதான். சுஜாதா அதற்கு பேட்டரி போட்டார்.

ஈரோட்டு மெக்கானிக்கல்: சரி, தங்க உருண்டையில் மாட்டிக்கொண்டேன். ஆனால் மார்ஷியனில் உருளைக்கிழங்கும் முளைக்காது. செவ்வாய் மண்ணில் பெர்குளோரேட் என்ற நச்சு உப்பு இருக்கிறது.

இது நல்ல பிடி. 2008-ல் இறங்கிய பீனிக்ஸ் கலம் கண்டுபிடித்தது, நாவலில் அதைப் பற்றிப் பேச்சில்லை. பெர்குளோரேட் தண்ணீரில் கரையும், மண்ணைக் கழுவிவிட்டு நடலாம். ஆனால் கழுவத் தண்ணீர் வேண்டும், அதற்கு அவன் இன்னும் எத்தனை தடவை வெடிக்க வேண்டுமோ. தம்பி, மற்றவர்களுக்கும் கொஞ்சம் இடம் விடுங்கள்.

வாசிப்பு நேசன்: ரோட்சைட் பிக்னிக் பிடிஎஃப் இருந்தால் அனுப்பவும்.

மேலே புத்தகப் புழுவுக்குச் சொன்ன பதில்.

பலர்: இவை தமிழில் வந்திருக்கின்றனவா?

நான் படித்தது ஆங்கிலத்தில். மீதியைப் புத்தகக் கடையிலோ பதிப்பகத்திலோ கேளுங்கள். தயவுசெய்து ஒவ்வொரு தலைப்புக்கும் தனித்தனியாக என்னைக் கேட்காதீர்கள்.

சென்னைவாசி: ராபின்சனின் நாவல் இந்தியாவில் தொடங்குகிறதாமே? மிகைப்படுத்தல் இல்லையா?

முதல் அத்தியாயம் உத்தரப் பிரதேசத்தில் ஒரு சிறு ஊர். வெப்ப அலை, மின்சாரம் போகிறது, ஜனங்கள் ஏரியில் இறங்கி உட்கார்கிறார்கள். ஏரித் தண்ணீரே உடம்பைவிடச் சூடு. 2020-ல் வந்த புத்தகம். சமீபத்தில் படித்தவற்றில் என்னைத் தூங்கவிடாமல் செய்தது அந்த ஓர் அத்தியாயம்தான்.

மிகை என்று சொல்லமாட்டேன். வெப்பமானியின் குமிழில் ஈரத்துணி சுற்றி அளப்பது ஈரக்குமிழ் வெப்பநிலை. வியர்வை ஆவியாகி உடம்பு எவ்வளவு குளிர முடியும் என்பதை அது காட்டும். 35 டிகிரியைத் தொட்டால், ஆரோக்கியமான ஆள் நிழலில் சும்மா உட்கார்ந்திருந்தாலும் சில மணி நேரத்துக்குமேல் தாங்காது என்பது 2010-ல் முன்வைத்த கணிப்பு. இளைஞர்களை வைத்து 2022-ல் வெளியான அமெரிக்க ஆய்வு, புழுக்கமான சூழலில் 31 டிகிரிக்குப் பக்கத்திலேயே உடம்பு தடுமாறத் தொடங்குகிறது என்றது. மே மாதச் சென்னையில் இருக்கிற உங்களுக்குப் புழுக்கத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

நாவலின் மீதியோ, கூட்டக் குறிப்பும் பொருளாதாரப் பாடமுமாகப் போகிறது. நான் தள்ளித் தள்ளித்தான் படித்தேன்.

ஒன்பதாம் வகுப்பு: ஆன்ட்டி, இன்டர்ஸ்டெல்லார் கிளைமாக்ஸ் விளக்குங்கள்.

அது சினிமா கண்ணா. இயற்பியல் டீச்சரைப் பிடி.

பாட்டி கதை ரசிகை: ஏழு கடல் தாண்டி ஒரு கிளி, அதற்குள் அரக்கன் உயிர் என்று பாட்டி சொல்வாள். இது மாதிரி நாவல் ஏதாவது?

டெத்லெஸ், 2011. ரஷ்யக் கதைகளில் கொஷெய் என்று சாகாத ஒருவன். அவன் உயிர் ஊசி முனையில், ஊசி முட்டைக்குள், முட்டை வாத்துக்குள், வாத்து முயலுக்குள், முயல் பெட்டிக்குள், பெட்டி தீவில் ஓக் மரத்தடியில். நம் பாட்டி ஒரு கிளியோடு விட்டாள், அவர்கள் ஒரு பண்ணையே வைத்திருக்கிறார்கள். வாலெண்டே இவனை ஸ்டாலின் காலத்துக்குக் கொண்டுவந்து, இரண்டாம் உலகப் போரின் லெனின்கிராட் முற்றுகை வரை இழுத்துப் போகிறார். பசியால் ஒரு நகரமே செத்துக்கொண்டிருக்கும்போது சாகாத ஒருவனுக்கு அங்கே என்ன வேலை என்பதுதான் நாவலின் பலம். நடை சில இடங்களில் திகட்டும். இதுவும் குழந்தைகளுக்கு அல்ல. அட்டையைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

இரண்டாம் ஆண்டு மாணவன்: த்ரீ பாடியில் ஐம்பது பக்கத்தோடு நின்றுவிட்டேன். மாவோ காலத்துக் கலாச்சாரப் புரட்சி எல்லாம் எதற்கு?

அதை விட்டால் கதையே இல்லை. தன் அப்பாவை மேடையில் அடித்துக் கொன்றதைப் பார்த்த பெண்தான் பிற்பாடு வேற்றுக்கிரகத்தாருக்குப் பதில் அனுப்புகிறாள். 2008-ல் சீனத்தில் புத்தகமானபோது தணிக்கைக்குப் பயந்து அந்த அத்தியாயங்களை நடுவில் ஒளித்தார்கள், 2014 ஆங்கிலப் பதிப்பு அவற்றை முன்னால் கொண்டுவந்தது. மூன்று சூரியன்கள் வரும்வரை தாக்குப்பிடியுங்கள். பாத்திரங்கள் உயிரில்லாத அட்டைப் பொம்மைகள்தான், அதை நான் மறுக்கமாட்டேன்.

புதிய எழுத்தாளன்: நான் எழுதிய ரோபோ நாவலை அனுப்பலாமா? கடைசியில் ரோபோவுக்கு உணர்ச்சி வந்துவிடும்.

வேண்டாம். முதல் பக்கத்திலேயே வந்துவிட்டால் அனுப்புங்கள்.

தஞ்சாவூர் மகள்: அப்பா க்ரைம் நாவல் மட்டும்தான் படிப்பார். ரிட்டையர் ஆகிவிட்டார். அறிவியல் கதைக்குள் இழுக்க எதைக் கொடுக்கலாம்?

அசிமோவின் 'தி கேவ்ஸ் ஆஃப் ஸ்டீல்', 1954. எலைஜா பெய்லி என்ற போலீஸ்காரருக்குக் கொலை வழக்கு, கூட்டாளியாக மனிதன் போலவே இருக்கும் ரோபோ. கதை நடக்கும் எதிர்காலத்தில் ஜனங்கள் மூடிய நகரங்களுக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவர்கள், திறந்த வானத்தின் கீழே நடக்கவே பயம். கொலைகாரன் திறந்த வெளியைக் கடந்து வந்திருந்தால்தான் கொலை சாத்தியம், அப்படிக் கடக்க யாராலும் முடியாது. உங்கள் அப்பா பேப்பர் எடுத்துக் குறிப்பு எழுத ஆரம்பித்துவிடுவார். பிடித்திருந்தால் அடுத்தது 'தி நேக்கட் சன்', 1957. அதே ஜோடி, வேறு கிரகம்.