கொலு பொம்மைகளை நிறம் போகாமல் சுத்தம் செய்வது எப்படி?

பரணிலிருந்து இறக்கிய பழைய மண் பொம்மைகளிலும் காகிதக்கூழ் பொம்மைகளிலும் அழுக்கு அப்பியிருக்கிறது, ஈரத்துணியால் துடைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஈரத்துணியைத் தயவுசெய்து இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். தூசியால் கெட்ட பொம்மைகளைவிட ஈரத்துணியால் கெட்ட பொம்மைகளே அதிகம்.

இந்த இரண்டு வகையிலுமே வண்ணத்துக்கு அடியில் வெள்ளைப் பூச்சு ஒன்று இருக்கும். சுண்ணப்பொடியைப் பசையில் குழைத்துப் பூசி, காய்ந்தபின் அதன்மேல் வண்ணம் தீட்டுவார்கள். பெரும்பாலும் அது தண்ணீரில் கரைத்த வண்ணம்தான். மேலே வார்னிஷ் இல்லையென்றால் ஈரம் நேராக உள்ளே இறங்கும். வெள்ளைப் பூச்சு ஊறி உப்பும், காய்ந்ததும் வண்ணத்தையும் சேர்த்துக்கொண்டு செதில் செதிலாக உதிரும். துடைத்த அன்று பளிச்சென்றுதான் இருக்கும். மறு வருடம் பெட்டியைத் திறந்தால் மூக்கு நுனியும் விரல்களும் வெள்ளையாக நிற்கும்.

முதல் வேலை பிரஷ்தான். ஆட்டு முடியில் செய்த ஒரு அங்குலப் பட்டை பிரஷ் ஒன்று, நகை மடிப்புகளுக்கு 2 அல்லது 4ஆம் எண் உருண்டை பிரஷ் ஒன்று. புதிய மேக்கப் பிரஷும் நன்றாக உழைக்கும். முடியைக் கைப்பிடியோடு இறுக்கியிருக்கும் தகரப் பட்டையில் டேப் சுற்றிவிடுங்கள், அந்த விளிம்பு இடித்தால் வண்ணத்தில் கீறல் விழும். மேசையில் தடித்த துண்டை விரித்து, அதன்மேல் ஒரு வெள்ளைத்தாள் போட்டு, பொம்மையை அதில் நிறுத்துங்கள். தூக்கும்போது ஒரு கை அடியில், ஒரு கை உடம்பில் இருக்க வேண்டும். வீணை, வில், தூக்கிய கை, கிரீடம் இவற்றைப் பிடித்துத் தூக்கவே கூடாது. மேலிருந்து கீழாக, அழுத்தாமல் தட்டித் தட்டிப் போங்கள்.

வெள்ளைத்தாளில் என்ன விழுகிறது என்று பாருங்கள். சாம்பல் நிறத் தூள் மட்டும் விழுந்தால் கவலையில்லை. சிவப்பு, பச்சை என்று நிறத்தூள் விழுந்தால் வண்ணத்தில் இருந்த பசை செத்துவிட்டது என்று பொருள். வெள்ளைச் செதில் விழுந்தால் அடிப்பூச்சே விட்டுக்கொண்டிருக்கிறது. இந்த இரண்டு நிலையிலும் அங்கேயே நிறுத்திவிடுவது நல்லது. கொஞ்சம் மங்கலாகப் படியில் ஏறட்டும், முகம் போய்விடக் கூடாது.

பிரஷுக்கு அசையாத கறுப்புப் படலம் வெறும் தூசி இல்லை. விளக்கு, ஊதுவத்தி, கற்பூரத்தின் புகைக்கரியும் எண்ணெய்ப் பிசுக்கும் தூசியோடு கலந்து இறுகியது. பளபளப்பான எனாமல் வண்ணமோ வார்னிஷோ உள்ள பொம்மையில் மட்டும் ஈரத்தை முயன்று பார்க்கலாம். பின்புறம் அடியில், கண்ணில் படாத இடத்தில், பஞ்சுக்குச்சியை நனைத்து நன்றாகப் பிழிந்து பத்து விநாடி உருட்டுங்கள். தேய்க்க வேண்டாம், உருட்டினால் போதும். பஞ்சில் நிறம் ஏறினால் அந்தப் பொம்மைக்கு ஈரமே கிடையாது. ஏறாவிட்டால் கால் லிட்டர் வெதுவெதுப்பான நீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, ஓர் அங்குல இடமாக, முதலில் சோப்பு நீர்க் குச்சி, பிறகு வெறும் நீர்க் குச்சி, உடனே உலர்ந்த பஞ்சு. குச்சி கறுத்தால் மாற்றிவிடுங்கள். அருங்காட்சியகங்களில் இதே வேலைக்கு எச்சிலையே பயன்படுத்துவதுண்டு, அதிலுள்ள நொதி பிசுக்கைக் கரைக்கும். சாமி பொம்மைக்கு அது நம் வீட்டில் நடக்காது, வெதுவெதுப்பான நீரே போதும். தின்னர், நகப்பூச்சு நீக்கி, கண்ணாடி துடைக்கும் திரவம் எதுவும் வேண்டாம்.

மரப்பாச்சியை உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்தாலே போதும். சானிடைசர் பக்கத்தில் வரக் கூடாது. செம்மரத்தின் சிவப்புச் சாயம் ஆல்கஹாலில் கரைந்து வந்துவிடும். தஞ்சாவூர் தலையாட்டி பொம்மையை ஒவ்வொரு பாகமாகக் கழற்றித் தூசி தட்டுங்கள். கம்பி முனைக்கு எண்ணெய் விடாதீர்கள், அது காகிதக்கூழில் ஊறிக் கறையாகும்.

சாம்பல் பூத்ததுபோல் பூஞ்சை தெரிந்தால் முகக்கவசம் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வெளியே வைத்துத் தட்டுங்கள். அதற்கு முன் நிழலில் இரண்டு நாள் காற்றாட விடுங்கள். வெயிலில் வைத்தால் நிறம் வெளுக்கும், காகிதக்கூழ் வெடிக்கும்.

சுத்தம் செய்ய உண்மையில் ஏற்ற நேரம் பொம்மையை இறக்கும்போது அல்ல, ஏறக்கட்டும்போது. விஜயதசமி இரவு ஒரு பொம்மையைப் படுக்க வைத்துவிட்டு மறுநாள் எடுத்து அடுக்குவோம். அப்போது கரியும் தூசியும் புதிதாக, பிரஷுக்கே உதிரும் நிலையில் இருக்கும். அதை அப்படியே சுற்றி வைத்தால், சில நாளில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும். தூசி ஈரத்தை இழுத்துக்கொண்டு அடுத்த புரட்டாசிக்குள் வண்ணத்தோடு ஒட்டிப்போகும். அன்று பொம்மைக்கு இரண்டு நிமிடம் செலவழித்தால் இந்தப் பஞ்சுக்குச்சி வேலைக்கே அவசியம் இருக்காது.

சுற்றுவதற்குப் பழைய பருத்தி வேட்டி போல வேறொன்றில்லை. கஞ்சி போடாததாக இருக்கட்டும், கஞ்சிக்குப் பூச்சி வரும். செய்தித்தாளை நேராகச் சுற்றினால் மை முகத்தில் ஏறும், துணிக்கு மேல் மெத்தையாக வைத்துக்கொள்ளலாம். பிளாஸ்டிக் உறை ஈரத்தைப் பூட்டி வைக்கும், எனாமல் வண்ணத்தில் ஒட்டியும் கொள்ளும். அந்துருண்டையைத் துணியில் முடிந்து பெட்டி மூலையில் போடுங்கள், பொம்மையில் படக் கூடாது. பிளாஸ்டிக் பொம்மைகள் உள்ள பெட்டியில் அதுவும் வேண்டாம், அதன் ஆவியில் சில பிளாஸ்டிக்குகள் இளகும். மழை ஓய்ந்த பிறகு, தை மாதத்தில் ஒருமுறை பெட்டிகளைத் திறந்து பாருங்கள். எந்தப் பொம்மைக்கு அடியிலாவது மாவுபோல் தூள் கிடந்தால் பூச்சி அரிக்கிறது என்று அர்த்தம். அதை மட்டும் உடனே பிரித்துத் தனிப் பெட்டியில் வையுங்கள்.