கட்டணம் கட்டாமலே திறந்து வைக்கலாம்

உங்கள் ஆய்வுக் கட்டுரை ஓர் ஆய்விதழில் ஏற்கப்பட்டுவிட்டது, ஆனால் எல்லாரும் இலவசமாகப் படிக்கத் தனிக் கட்டணம் கேட்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அவசரப்பட்டுக் கட்டிவிடாதீர்கள். பல சந்தா இதழ்கள், மதிப்பாய்வுக்குப் பின் நீங்கள் திருத்தி அனுப்பிய வேர்டு கோப்பைப் பொதுக் களஞ்சியத்தில், அதாவது யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய இணையச் சேமிப்பகத்தில், போட அனுமதிக்கின்றன. இதழின் பெயர், பக்க எண்ணோடு அவர்கள் வடிவமைத்த பிடிஎஃப் வேறு, அதைத் தொடாதீர்கள். (நான் ஒருமுறை அதைத்தான் ஏற்றினேன். நீக்கச் சொல்லி மின்னஞ்சல் வந்தது.)

முன்பு ஷெர்பா ரோமியோ, இப்போது ஓப்பன் பாலிசி ஃபைண்டர்: அந்தத் தளத்தில் இதழின் பெயரைப் போட்டால் எந்த வடிவத்தை, எத்தனை மாதம் கழித்து ஏற்றலாம் என்று காட்டும். 6 மாதம், 12 மாதம் காத்திருப்பது சகஜம். அப்புறம் செனோடோ என்ற பொதுக் களஞ்சியத்தில் ஏற்றுங்கள். செர்ன் என்ற ஐரோப்பிய அணு ஆய்வு நிறுவனம் அதை 2013இல் தொடங்கியது. காசு கிடையாது, டிஓஐ எண்ணும் (கட்டுரைக்கான நிரந்தர இணைய அடையாளம்) கிடைக்கும்.

இதழின் வெளியீட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டீர்களா? இல்லையென்றால் முதலில் அதை முழுசாகப் படியுங்கள்.