புள்ளி, புள்ளி, சாய்கோடு

வணக்கம்.

கிட் (கோப்புகளின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் மென்பொருள்) போல ஒரு சின்னக் கட்டளைவரிக் கருவியைப் பொழுதுபோக்காக எழுதி வருகிறேன். ரெப்போவுக்குள் (கருவி கண்காணிக்கும் ஃபோல்டர்) நாலைந்து ஃபோல்டர் ஆழத்தில் நின்றுகொண்டு, மேலே ஏற ../../../ என்று அடித்து அலுத்துவிட்டது. ரெப்போவின் உச்சிக்கு, அதாவது அதன் மேல்மட்ட ஃபோல்டருக்கு, ~/ என்று சுருக்கம் வைக்கலாமா? நண்பர் ^/ வைக்கச் சொல்கிறார்.

க.

அன்புள்ள க.,

~/ வேண்டவே வேண்டாம். அந்தக் குறி உங்கள் கருவிவரை வந்தே சேராது. நீங்கள் அடிக்கும் கட்டளையை முதலில் வாசிக்கும் பாஷ் என்ற ஷெல் முந்திக்கொண்டு அதைப் பயனரின் ஹோம் ஃபோல்டராக மாற்றிவிடும். ^/ கிட் போன்ற இன்னொரு கருவியான சப்வெர்ஷனில் 1.6 பதிப்பு முதல் இருக்கிறது, பார்க்கவும் அழகு. ஆனால் விண்டோஸ் கமாண்ட் பிராம்ப்ட்டில் ^ குறிக்கு வேறு வேலை உண்டு. மேற்கோளுக்குள் வைக்காமல் அடித்தால் அது உதிர்ந்து வெறும் / மட்டும் மிஞ்சும். // போடலாமே என்றால், விண்டோஸில் கிட்டோடு வரும் கிட் பாஷ் அதில் ஒரு சாய்கோட்டை விழுங்கிவிடும்.

கிட் எடுத்துக்கொண்டது :/ என்ற குறி. பாஷ் அதன் பொருளில் கை வைப்பதில்லை. (டேப் அழுத்தினால் மட்டும் முக்காற்புள்ளியில் சொல்லை உடைத்துக்கொண்டு படுத்தும், அதற்குக் கொஞ்சம் வேலை செய்ய வேண்டும்.) நானாக இருந்தால் இதையே எடுப்பேன், கிட் அதில் செய்த குழப்பத்தை விட்டுவிட்டு. கோப்புகளை அடுத்த பதிவுக்குச் சேர்க்கும் கிட் ஆட் கட்டளையில் :/ என்றால் ரெப்போவின் உச்சி. பதிந்ததைக் காட்டும் கிட் ஷோவில் அதே :/ வந்தால், பின்னால் வரும் சொல்லைக் கமிட் (ஒவ்வொரு பதிவு) செய்திகளில் தேடப் போய்விடும்!

சரி, இந்தச் சுருக்கம் எப்போது தேவைப்படுகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? எனக்குப் பெரும்பாலும் ஒரு கட்டளை காட்டிய பாதையை நகலெடுத்து இன்னொன்றில் ஒட்டும்போதுதான். மூலம்/வாசி என்ற ஃபோல்டரில் நிற்கிறேன். மாறிய கோப்புகளின் பெயரைக் கிட்டின் டிஃப் கட்டளையிடம் கேட்டால் மூலம்/வாசி/சொல் என்று உச்சியிலிருந்து சொல்கிறது. அதை அப்படியே எடுத்து ஆட் கட்டளையில் ஒட்டினால், மூலம்/வாசி/மூலம்/வாசி/சொல் எங்கே என்று தேடி, அப்படி எதுவும் இல்லை என்று கையை விரிக்கிறது. ஸ்டேட்டஸ் கட்டளையோ நான் நிற்கும் இடத்திலிருந்து கணக்குப் போட்டு வெறும் 'சொல்' என்கிறது. ஷோவில் ஹெட்:சொல் (ஹெட் என்பது இப்போதைய கமிட்) என்று கேட்டால் மறுபடி உச்சியிலிருந்து தேடும். கிடைக்காமல் போனதும் 'ஹெட்:./சொல் என்பதைத்தான் கேட்டீர்களா?' என்ற பாணியில் ஒரு குறிப்பு வேறு. நான் கேட்டது கிட்டுக்குத் தெரிகிறதல்லவா, அப்புறம் எடுத்துக் காட்டினால் என்ன?

அதனால் உங்கள் கருவியில் குறி இல்லாத பாதை எல்லாக் கட்டளையிலும் நிற்கும் இடத்திலிருந்தே தொடங்கட்டும். உச்சியிலிருந்து தொடங்கும் பாதையைக் கருவி அச்சிடும்போதும் :/மூலம்/வாசி/சொல் என்று குறியோடே அச்சிடட்டும். எடுத்து எங்கே ஒட்டினாலும் வேலை செய்ய வேண்டும். பயனர் மட்டும் எழுத வேண்டிய, கருவி தன் வாயால் சொல்லாத சுருக்கத்தை யாரும் கற்றுக்கொள்வதில்லை.

பாதையே தராத கட்டளைக்கும் இப்போதே ஒரு முடிவெடுங்கள். கிட்டில் ஆட் -யு (ஏற்கெனவே கண்காணிக்கும் கோப்புகளின் மாற்றங்களை மட்டும் சேர்ப்பது) முதலில் நிற்கும் ஃபோல்டரோடு நின்றது, 2014-இல் 2.0 பதிப்பு வந்தபோது ரெப்போ முழுவதுக்கும் என்று மாற்றினார்கள். பழகிய கைகளுக்கு அது லேசான மாற்றம் இல்லை.

முக்காற்புள்ளியில் தொடங்கும் பெயரை யாராவது கோப்புக்கு வைத்திருந்தால்? முன்னால் ./ சேர்த்து எழுதச் சொல்லுங்கள், போதும்.