கொசோவோ கொடி: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

உரிமை தீராத நிலங்களின் கொடிகள் பற்றி எழுதியபோது, கொசோவோவைப் பற்றித்தான் அதிகம் கேட்டிருந்தீர்கள். நீலத் துணியில் மஞ்சளாக நாட்டின் வரைபடம், அதற்கு மேலே ஆறு வெள்ளை நட்சத்திரங்கள், இதுதான் அந்தக் கொடி. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

அண்ணா, முதலில் இதைச் சொல்லுங்கள். கொசோவோ தனி நாடா, இல்லையா?

யாரைக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. செர்பியாவுக்குத் தெற்கே, அல்பேனியாவை ஒட்டி ஏறக்குறைய 10,900 சதுர கிலோமீட்டர் நிலம். மக்களில் மிகப் பெரும்பாலோர் அல்பேனியர்கள். யூகோஸ்லாவியா காலத்தில் செர்பியாவுக்குள் தன்னாட்சி மாகாணமாக இருந்தது. 1999 போருக்குப் பிறகு ஐ.நா. நிர்வாகத்துக்குள் வந்தது. 2008 பிப்ரவரி 17 அன்று சுதந்திரம் அறிவித்தது. அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி ஏற்றுக்கொண்டன. செர்பியா, ரஷ்யா, சீனா, இந்தியா ஏற்கவில்லை. ஐ.நா.வில் இன்னும் உறுப்பினர் இல்லை. கொடியும் சுதந்திரம் அறிவித்த அதே நாளில்தான் அவர்களுடைய சட்டமன்றத்தில் ஏற்கப்பட்டது.

மக்களில் பெரும்பாலோர் அல்பேனியர் என்றால், அல்பேனியாவின் சிவப்புக் கொடியையே வைத்திருக்கலாமே? ஐரோப்பிய ஒன்றியக் கொடி மாதிரி நீலமும் மஞ்சளும் எதற்கு?

மக்களிடம் மட்டும் கேட்டிருந்தால் சிவப்புத் துணியில் கறுப்பு இருதலைக் கழுகுதான் வந்திருக்கும். 1990களில் உலகம் ஏற்காத கொசோவோ குடியரசு ஒன்று அறிவிக்கப்பட்டபோதும் அந்தக் கொடியைத்தான் ஏற்றினார்கள். கொசோவோ அல்பேனியர்களின் தலைவர் இப்ராஹிம் ருகோவா 2000-இல் வேறொன்றை முன்வைத்தார். நீலத் துணி, நடுவில் சிவப்பு வட்டம், அதற்குள் கழுகு, 'டார்டானியா' என்ற அந்த நிலத்தின் பழம்பெயர். அவருடைய ஆதரவாளர்களைத் தாண்டி அது பரவவில்லை.

ஆனால் முடிவு மக்கள் கையில் மட்டும் இல்லை. ஐ.நா. தூதர் மார்ட்டி அஹ்திசாரி 2007-இல் கொடுத்த திட்டத்தில், கொசோவோவுக்கெனத் தனிக் கொடி இருக்க வேண்டும், அது பல இன மக்கள் வாழும் இடம் என்பதைக் காட்ட வேண்டும் என்று இருந்தது. மேற்கு நாடுகளின் ஆதரவு வேண்டுமென்றால் அதை மீற முடியாது. அதே ஆண்டு போட்டி வைத்தார்கள். எந்த இனத்தின் சின்னமும் வரக்கூடாது என்பது விதி. சிவப்பும் கறுப்பும் மட்டும் சேர்ந்தால் அல்பேனியா, சிவப்பு-நீலம்-வெள்ளை மட்டும் சேர்ந்தால் செர்பியா. அதனால் அந்த இரண்டு சேர்க்கைகளுக்கும் தடை. வந்தவை 993 வடிவங்கள். முஹாமெர் இப்ராஹிமி என்பவரின் வடிவம் சில மாற்றங்களோடு தேர்வானது.

இத்தனையையும் விலக்கிய பிறகு, யாருக்கும் பகையில்லாத நிறமாக மிஞ்சியது ஐரோப்பாவின் நீலம். போஸ்னியாவிலும் இதுதான் நடந்தது. அங்குள்ள மூன்று இனத் தரப்பும் உடன்படாததால், சர்வதேசப் பிரதிநிதி கார்லோஸ் வெஸ்டென்டோர்ப் 1998-இல் தானே ஒரு கொடியைத் தேர்ந்து அறிவித்தார். அதிலும் நீலம், மஞ்சள், வெள்ளை நட்சத்திரங்கள்.

அந்த ஆறு நட்சத்திரங்கள்?

அல்பேனியர், செர்பியர், துருக்கியர், போஸ்னியாக்குகள், கோரானிகள் (இந்த இருவரும் ஸ்லாவிய மொழி பேசும் முஸ்லிம்கள்), ஜிப்சிகள் என்று அழைக்கப்பட்ட ரோமா. ரோமாவோடு அஷ்காலி, எகிப்தியர் எனப்படும் சமூகங்களையும் சேர்த்துச் சொல்வார்கள்.

சார், கொடியில் வரைபடம் போடுவது நல்ல வடிவமைப்பு இல்லை என்று படித்தேன். உங்கள் கருத்து என்ன?

பொதுவாக அது சரிதான். தைப்பது கடினம், தூரத்திலிருந்து பார்த்தால் வெறும் மஞ்சள் திட்டாகத் தெரியும். 1971-இல் வங்கதேசக் கொடியின் சிவப்பு வட்டத்துக்குள் மஞ்சளில் வரைபடம் இருந்தது. மறு ஆண்டே எடுத்துவிட்டார்கள். துணியின் இரண்டு பக்கமும் சரியாக வரவில்லை என்பது சொல்லப்படும் காரணங்களில் ஒன்று. இன்று நாட்டுக் கொடியில் வரைபடம் வைத்திருக்கும் இன்னொரு நாடு சைப்ரஸ். அங்கேயும் கிரேக்கரும் துருக்கியரும் ஒத்துக்கொள்ளும் பொதுச் சின்னம் கிடைக்காமல்தான் 1960-இல் தீவின் உருவத்தையே வரைந்தார்கள்.

ஆனாலும் கொசோவோவில் அந்த வரைபடம் தேவையாகத்தான் வந்திருக்கிறது என்று நினைக்கிறேன். அது இரண்டு பக்கமும் பேசுகிறது. செர்பியர்கள் பெரும்பான்மையாக வாழும் வடக்கு மித்ரோவிட்சா உள்ளிட்ட நான்கு நகராட்சிகளும் அந்தக் கோட்டுக்குள் இருக்கின்றன. 'வடக்கைப் பிரித்துக் கொடுக்க மாட்டோம்' என்பது செர்பியத் தலைநகர் பெல்கிரேடுக்குச் சொல்லும் செய்தி. அல்பேனியாவோடு சேர்ந்துவிடுவார்களோ என்று பயந்த அண்டை நாடுகளுக்கோ, 'இவ்வளவுதான் எங்கள் நிலம்' என்ற உறுதி. எந்த நாட்டின் நிலத்துக்கும் உரிமை கோர மாட்டோம், எந்த நாட்டோடும் இணைய மாட்டோம் என்று அவர்களுடைய அரசமைப்பின் முதல் பிரிவிலேயே எழுதியிருக்கிறது. அதே வாக்குறுதியைத்தான் கொடியில் வரைந்திருக்கிறார்கள். அழகை மட்டும் பார்த்து மதிப்பெண் போடுவது இந்தக் கொடிக்கு நியாயமில்லை.

அங்கே உள்ளவர்களுக்கு இந்தக் கொடி பிடிக்குமா?

அரசு அலுவலகங்களில் நீலக் கொடி பறக்கும். கல்யாண ஊர்வலத்திலும் நவம்பர் 28 அல்பேனியக் கொடி நாளிலும் வீதியை நிறைப்பது கழுகுக் கொடி. 2018 உலகக் கோப்பையில் செர்பியாவுக்கு எதிராக கோல் அடித்ததும் சுவிட்சர்லாந்து வீரர்கள் ஷாக்காவும் ஷாகிரியும் இரண்டு கைகளையும் கோர்த்துக் கழுகு காட்டினார்களே, அபராதமும் கட்டினார்களே, அந்தக் கழுகுதான். இருவருமே கொசோவோ அல்பேனியக் குடும்பத்துப் பிள்ளைகள். வடக்கே போனால் செர்பிய மூவண்ணம்.

நீலக் கொடிக்கு உயிர் கொடுத்தவர்கள் விளையாட்டு வீரர்கள், அதிலும் பெண்கள். ஜூடோ வீராங்கனை மஜ்லிண்டா கெல்மெண்டி 2012 லண்டனில் அல்பேனியாவுக்காக ஆட வேண்டியிருந்தது. 2014 டிசம்பரில் ஒலிம்பிக் கமிட்டி கொசோவோவை ஏற்றது. 2016 ரியோவில் அவரே கொடி ஏந்தி வந்தார், 52 கிலோ பிரிவில் தங்கமும் வென்றார். கொசோவோவுக்கு அதுதான் முதல் ஒலிம்பிக் பதக்கம். டோக்கியோவில் ஜூடோவிலேயே இன்னும் இரண்டு தங்கம். மேசையைச் சுற்றி உட்கார்ந்து விதி போட்டு உருவாக்கிய ஒரு கொடிக்காக ஜனங்கள் மனதார அழுதது அந்த மேடைகளில்தான்.

இந்தியா ஏற்கவில்லை என்றீர்கள். அவர்களுடைய வீரர்கள் இங்கே வந்தால் கொடி காட்டலாமா?

கொடிக்கு முன்னால் விசாவே பிரச்சினை. 2018-இல் டெல்லியில் நடந்த பெண்கள் உலகக் குத்துச்சண்டைப் போட்டிக்கு கொசோவோ வீராங்கனை டோன்ஜெட்டா சதிகு வர முடியவில்லை, விசா கிடைக்கவில்லை. அதே ஆண்டு மாட்ரிட்டில் நடந்த உலகக் கராத்தே போட்டியில் கொசோவோ வீரர்கள் தங்கள் கொடியின் கீழ் ஆட ஸ்பெயின் அனுமதிக்கவில்லை. அரசுகளின் காரணம் எனக்குப் புரிகிறது. ஸ்பெயினுக்கு கட்டலோனியா மாகாணம் பிரிந்துவிடுமோ என்ற கவலை, நமக்கும் நம் எல்லைக் கவலைகள். ஆனால் வருடக்கணக்கில் பயிற்சி எடுத்த ஒரு பெண்ணை அதற்காக வளையத்துக்கு வெளியே நிறுத்துவதை என்னால் ஏற்க முடியவில்லை.

தேசிய கீதத்திலும் இதே சிக்கலா?

ஆமாம். 'ஐரோப்பா' என்று பெயர், 2008 ஜூனில் ஏற்றார்கள். வரிகளே கிடையாது, இசை மட்டும். எந்த மொழியில் பாடுவது என்ற சண்டை அதோடு தீர்ந்தது.

எட்டாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். பிள்ளைகள் வரையும்போது எதில் கவனம் வேண்டும்?

பின்னணி அடர்நீலம், வரைபடம் பொன் மஞ்சள், நட்சத்திரங்கள் வெள்ளை. பலர் நட்சத்திரத்துக்கு மஞ்சள் அடித்துவிடுகிறார்கள். ஆறும் ஒரே அளவு, வரைபடத்துக்கு மேலே வில் போல வளைந்து நிற்க வேண்டும். வரைபடத்துக்கு முதலில் ஒரு சாய்சதுரம் போட்டுக்கொண்டு ஓரங்களை நெளிக்கச் சொல்லுங்கள். கீழே தெற்கில் நீளும் முனையை விட்டுவிட வேண்டாம். அது டிராகாஷ், ஆறில் ஒரு நட்சத்திரத்துக்கு உரிய கோரானி மக்களின் மலைப்பகுதி.