பழைய கதவுக்குப் பித்தளைப் பூட்டு

மதிப்பிற்குரிய ஐயா,

திருகோணமலையில் டச்சு விரிகுடாவுக்கு அண்மையிலுள்ள அம்மம்மாவின் வீட்டைத் திருத்துகிறோம். முதிரைக் கதவுகள் பழுதில்லை. பிணைச்சல்களும் பூட்டுகளுந்தான் கறள் பிடித்துவிட்டன. கொழும்பில் பழம்பொருட்கடையொன்றில் பித்தளைப் பூட்டுகளும் கைபிடிகளும் பார்த்தேன். நம்பி வாங்கலாமா?

– வாசகி ஒருவர்

அன்புள்ள சகோதரிக்கு,

வாங்கலாம், ஆனால் முதலில் கதவை அளந்துகொள்ளுங்கள். பழைய பூட்டுகளில் கதவின் மேற்பரப்பில் பெட்டியாகப் பொருத்துவது ஒருவகை. விளிம்பைக் குடைந்து உள்ளே இறக்குவது இன்னொருவகை. முன்னது இருந்த கதவில் பின்னதைப் போடுவதென்றால் ஓடாவி சட்டத்தைக் குடைந்தே ஆகவேண்டும். குறுக்குச்சட்டம் வந்து பொருந்துமிடத்தில் குடைந்துவிட்டால் முதிரைக் கதவும் பலமிழக்கும். விளிம்பிலிருந்து கைபிடித் தண்டு நுழையும் துளையின் நடுவரையான அளவைக் குறித்துக்கொண்டு போங்கள். அதற்கு ஒத்துவராத பூட்டு எத்தனை அழகானாலும் கடையிலேயே இருக்கட்டும்.

பித்தளையென்று விற்பதெல்லாம் பித்தளையல்ல. காந்தம் ஒட்டினால் உள்ளே இரும்பு. ஒட்டாவிட்டாலும் நாகக் கலவையில் வார்த்து முலாம் பூசியதாக இருக்கலாம் என்பதால், கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு கைபிடியின் பின்புறத்தை ஊசியால் இலேசாகக் கீறிப் பாருங்கள். கீறல் மஞ்சளாக இருந்தால் பித்தளை, சாம்பல் நிறமாக இருந்தால் முலாம். முலாம் பூசியது நம் உப்புக்காற்றுக்கு நெடுநாள் தாங்காது. அதே காந்தத்தை உங்கள் பழைய பிணைச்சல்களிலும் வைத்துப் பாருங்கள். பெயின்றுக்குக் கீழே பித்தளை கிடக்கவும்கூடும். ஆனால் அந்தப் பெயின்றை அரத்தாளால் உரசித் தூளாக்கவேண்டாம், பழைய பெயின்றில் ஈயம் இருக்கலாம்.

பித்தளைப் பிணைச்சலுக்கு இரும்புத் திருகாணி போட ஒருபோதும் விடாதீர்கள். உப்பீரத்தில் இவ்விரண்டும் தொட்டுக்கொண்டிருந்தால் இரும்பே விரைந்து அரிக்கப்படும். திருகாணித் தலைகள் கறளாகி உதிர, பாரமான கதவு தொய்ந்து நிலத்தில் உரசத் தொடங்கும். பித்தளைத் திருகாணியோ மென்மையானது, முதிரையில் நேரே முறுக்கினால் கழுத்தோடு முறிந்துவிடும். எனவே துளையிட்டு, அதேயளவு இரும்புத் திருகாணியை முதலில் முறுக்கிப் புரி விழச்செய்து, அதைக் கழற்றிய பின்னரே மெழுகு தடவிய பித்தளைத் திருகாணியை இறக்கவேண்டும். அவசரக்கார ஓடாவி முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

வாசற்கதவுக்கு மட்டும் காவலுக்கென்று புதுப் பூட்டொன்றைத் தனியாகப் போடுங்கள். அக்காலத்துச் சாதாரணப் பூட்டுகளில் ஒன்றின் திறப்பு மற்றொன்றையும் திறப்பது புதுமையல்ல.